இருமிய இடத்தில் கடவுள்

பேராசிரியர் ஒட்மார் பிரெண்டல் விரிவுரையை முடித்ததும் தம் தாள்களை உடனே அடுக்குவதில்லை. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், துடைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், ஏதோ கறை எஞ்சியிருப்பதாகக் கண்டுபிடித்து மறுபடியும் துடைப்பார். இதற்கிடையே மண்டபம் முழுவதும் மாணவர்கள் விரல் முட்டிகளால் மேசைகளைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் யாரும் கைதட்டுவதில்லை. உரை பிடித்திருந்தால் மேசையைத் தட்டுவார்கள்; பிடிக்காவிட்டால் காலணியைத் தரையில் தேய்ப்பார்கள். பேசியவர் தாள்களைத் தொட்டுவிட்டால் தட்டல் நின்றுவிடும் என்பது எழுதப்படாத விதி. ஆகவே பிரெண்டல் தொடமாட்டார். ஓட்டுக்கூரைமேல் மழை நடந்துபோவதைக் கேட்பவர்போலத் தலையைச் சற்றே சாய்த்து நிற்பார். அது தூறலாய்த் தேய்ந்த பிறகுதான் ஒவ்வொரு தாளாக எடுப்பார். முப்பது ஆண்டுகளாகப் பாவத்தைப் பற்றிப் பாடம் நடத்திவந்த இறையியலாளர் அவர். தற்பெருமை என்னும் பாவத்துக்கு மட்டும் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். அந்த நூலில் மூக்குக்கண்ணாடி எந்தப் பக்கத்திலும் வராது.

வியாழக்கிழமைகளில் அந்தத் தட்டலின் சூடு ஆறுவதற்குள் ஆற்றங்கரைச் சந்து வழியாக இறங்கி ஃப்ராவ் ராப் அம்மாளின் மதுக்கடைக்குப் போய்விடுவார். அங்கே அடுப்போரத்து மேசை அவருக்கும் ஆர்னோ பெர்லிட்ஸுக்கும் உரியது. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் ஃப்ராவ் ராப் தன் கைத்துணியால் ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிவிடுவாள்.

பெர்லிட்ஸ் சமூகவியல் பேராசிரியர்; யூதர். நாஜிகளின் காலத்தில் நியூயார்க்குக்குத் தப்பிப்போய், போர் முடிந்த பின் யாரும் அழைக்காமலே திரும்பி வந்தவர். ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பொய்களை வெங்காயம்போல உரித்துக் காட்டுவது அவர் தொழில். அந்தத் தொழிலுக்கு விமர்சனக் கோட்பாடு என்று பெயர். கடவுளில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கடவுளைப் பற்றிப் பேசாமல் ஒரு வியாழக்கிழமையைக்கூட அவரால் கழிக்க முடியாது.

உண்மையில் இருவருக்கும் பொதுவானவை ஏராளம். இந்த உலகம் இப்படியே இருந்துவிடக் கூடாது என்பது இருவருக்கும் முதல் விதி. வரப்போகும் நல்ல உலகத்தைப் படம் வரைந்து காட்டக் கூடாது என்பது இரண்டாவது. படம் வரைந்தால் அது உடனே விற்பனைக்கு வந்துவிடும் என்று பெர்லிட்ஸ் சொல்வார், விக்கிரகமாகிவிடும் என்று பிரெண்டல் சொல்வார். இவ்வளவு ஒற்றுமை இருந்தால் நட்பு கெட்டுவிடும் என்பதனாலேயே இருவரும் பத்து ஆண்டுகளாக விடாமல் சண்டை போட்டு வந்தார்கள்.

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஃப்ராவ் ராப் மேசைமேல் மௌல்டாஷன் தட்டை வைத்தாள். கறியையும் கீரையையும் மாவுப்பைக்குள் மூடி வேகவைத்த பண்டம் அது.

"இத யாரு கண்டுபிடிச்சாங்க தெரியுமா பிரெண்டல்?" என்று பெர்லிட்ஸ் முள்கரண்டியால் ஒரு பையைக் குத்தினார். "உங்க சாமியாருங்க. நோன்பு நாள்ல கறி திங்கக் கூடாதில்ல? அதான் மாவுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டாங்க, மேல இருக்கிறவருக்குத் தெரியாதாம். உங்க இறையியல் மொத்தமும் இந்தத் தட்டுலயே இருக்கு."

"உங்க கோட்பாடு மட்டும் என்னவாம்?" என்றார் பிரெண்டல். "மாவு உங்களுது, உள்ள இருக்கிற கறி எங்களுது. நீதி, மீட்பு, நியாயத்தீர்ப்பு எல்லாம் எங்க அடுப்படியிலேர்ந்து தூக்கிட்டுப் போய்ப் புதுப் பேரு வச்சுட்டீங்க."

"சாப்பாடு ஆறுது. ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க" என்றாள் ஃப்ராவ் ராப்.

பெர்லிட்ஸ் மென்றுகொண்டே ஒரு கதை சொன்னார். "ஒரு ஊர்ல ஒரு குதிரையும் ஒரு கழுதையும் ஒரே வண்டிய இழுத்துச்சுங்க. 'மேல ஒருத்தர் உக்காந்திருக்கார், அவர் வழி காட்டுறார், அதனாலதான் வண்டி போகுது'ன்னு குதிரை சொல்லிச்சு. 'மேல யாரும் இல்ல, சவுக்குதான் இருக்கு, அத எப்படி ஒடைக்கலாம்னு யோசி'ன்னு கழுதை சொல்லிச்சு. இதே சண்டதான் தினமும். ஒரு நாள் வண்டிக்காரன் ரெண்டோட சேணத்தையும் மாத்திப் போட்டான். வண்டியில இருந்தவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"இதுல கழுதை யாரு?"

"அது யாருக்கும் தெரியலங்கிறதுதான் கதையே."

பிரெண்டலுக்குச் சுருக்கென்றது. "என் மாணவங்களுக்குத் தெரியும்."

"தெரியாது. என் மாணவங்களுக்கும் தெரியாது. பாத்துரலாமா?"

அந்த மாதம் மரித்தோரை நினைக்கும் மாதம். இருவரும் அடுத்த வாரத்துக்கு ஏறத்தாழ ஒரே பொருளில் உரை எழுதி வைத்திருந்தார்கள்: அநியாயமாகச் செத்தவர்களுக்கு நீதி உண்டா? பெர்லிட்ஸ் தம் பையிலிருந்து கட்டுரையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பந்தயம் இதுதான்: இவர் உரையை அவர் வாசிப்பது, அவர் உரையை இவர் வாசிப்பது. யாராவது கண்டுபிடித்துவிட்டால் பெர்லிட்ஸ் தோற்றார், இல்லாவிட்டால் பிரெண்டல் தோற்றார். தோற்றவர் அடுத்த கூட்டுக் கருத்தரங்கில் எழுந்து நின்று, மற்றவர் துறைதான் மூத்தது என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஆனா ஒண்ணு" என்றார் பிரெண்டல். "என் கட்டுரையில பக்கத்துக்குப் பக்கம் கடவுள் வர்றாரே. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அந்த இடத்துல இருமிக்கிறேன். என் கட்டுரையில அவர் வரவே மாட்டாரே. நீங்க என்ன பண்ணுவீங்க?"

பிரெண்டல் அண்ணாந்து பார்த்தார். "அங்கங்க கூரையப் பாப்பேன்."

அதில் ஒரு கோணல் இருப்பதை இருவரில் ஒருவரும் கவனிக்கவில்லை. தம் மாணவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று பந்தயம் கட்டியவர் பிரெண்டல். ஆகவே யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மேடை ஏறிய மனிதனுக்குப் பந்தயம் மறந்துபோகும். தட்டல் மட்டுமே நினைவில் நிற்கும்.

அடுத்த வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பிரெண்டல் வாசித்தார். பெர்லிட்ஸின் வாக்கியங்கள் அவருடையவற்றைவிட மெலிந்தவை, குளிர்ந்தவை, கூர்மையானவை. கொல்லப்பட்டவர்களை மறப்பது இரண்டாம் முறை கொல்வதாகும். ஆனால் அவர்களுக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது என்று சொல்வது மூன்றாம் முறை கொல்வதாகும். நினைவு என்பது உயிரோடிருப்பவர்கள் சுமக்க வேண்டிய சுமை, அதை இறக்கிவைக்க எங்கும் இடமில்லை. பிரெண்டல் தக்க இடங்களில் கூரையைப் பார்த்தார். ஒவ்வொரு முறை அவர் அண்ணாந்தபோதும் முன்வரிசையில் இருந்த ஒரு பாதிரியாரின் விதவை தானும் அண்ணாந்து கைகளைக் கோத்துக்கொண்டாள். உரை முடிந்தபோது எழுந்த தட்டல் அவர் வாழ்நாளில் கேட்டிராதது. மேசைகள் நடுங்கின. பிரெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் கெர்லிண்ட் டாம் எழுந்து நின்றாள்.

கெர்லிண்ட் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். ரயில்வே சிக்னல்காரரின் மகள்; மணமாகாதவள் என்பதால் எல்லோருக்கும் 'ஃப்ரொய்லைன்' டாம். அவருடைய ஆய்வு உதவியாளர் பதவி காலியாகியிருந்தது. அதற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அந்த இறையியல் புலத்தில் அந்தப் பதவியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. புலமுதல்வர் ஸாண்டர் மனத்தில் ஒரு பிஷப்பின் மருமகன் இருந்தான். இருந்தாலும் பிரெண்டலின் ஒரு சொல் போதும், அவளுக்கே கிடைத்துவிடும். அந்த ஸாண்டர் அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் ப்ரொஃபஸர்" என்றாள் கெர்லிண்ட். "இன்னைக்கு வாசிச்சது உங்க உரை இல்லன்னு நினைக்கிறேன்."

தட்டல் நின்றது.

"உங்க உரையில செத்தவங்கதான் கேள்வி கேப்பாங்க. நாங்க உக்காந்து நெளிவோம். இன்னைக்கு நாம எல்லாரும் அவங்களப் பத்தி ரொம்ப அழகாப் பேசிக்கிட்டிருந்தோம். அவங்க வாயத் தொறக்கவே இல்ல. இத எழுதினவர் நேர்மையானவர், பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லல. ஆனா செத்தவங்க வழக்கு அவர்கிட்டயே முடிஞ்சுபோகுது. உங்க உரையில அதுக்கு மேல ஒரு நீதிமன்றம் இருக்கும். அது எங்க போச்சு?"

பிரெண்டலுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். தம் எழுத்தை இவ்வளவு உள்ளே புகுந்து படித்த ஒருத்தி இருக்கிறாள். பந்தயத்திலும் தாமே வென்றார். வாயைத் திறந்து 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த 'ஆமாம்' சற்றுமுன் எழுந்த தட்டல் அத்தனையையும் அள்ளிப் பெர்லிட்ஸின் மடியில் கொட்டிவிடும் என்பது அவருக்கு அந்த நொடியில் உறைத்தது. வாழ்நாளின் மிகப் பெரிய தட்டல், அதுவும் இன்னொருவருக்கு! மூக்குக்கண்ணாடியை மெல்ல மாட்டிக்கொண்டார்.

"ஃப்ரொய்லைன் டாம்," என்றார் புன்னகையோடு, "என் குரல எனக்கே அடையாளம் காட்ட வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. மேய்ப்பனோட குரலே தெரியாத ஆடு ஒண்ணு இந்த மந்தையில இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பாவம், ரொம்ப தூரம் மேஞ்சிருச்சு போல."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே யாரோ காலணியைத் தேய்த்தார்கள், இன்னொருவர் தேய்த்தார், சரளைக்கல் ஏற்றிய வண்டி கவிழ்வதுபோல அந்த ஓசை வரிசை வரிசையாகப் பரவியது. கெர்லிண்ட் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக வாசலுக்கு நடந்தாள். புலமுதல்வர் ஸாண்டர் அவள் வெளியேறுவதற்குக் கதவைத் திறந்துவிட்டார். அவர் எப்போதும் மரியாதை தெரிந்தவர்.

விதவை மேடைக்கு வந்து பிரெண்டலின் கையைப் பற்றிக்கொண்டாள். "என்ன பக்தி ப்ரொஃபஸர்! ஒரு தடவகூட ஆண்டவர் பேர வீணா எடுக்கல. பேர் சொல்லாமலே அவர மண்டபம் பூரா நிறைச்சுட்டீங்களே!"

அன்று ஃப்ராவ் ராப்பின் கடையில் பெர்லிட்ஸின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"உங்க ஆளு ஏன்யா இவ்ளோ அடிக்கடி வர்றாரு?" என்று கரகரத்தார். "ரெண்டாம் பக்கம் முடியறதுக்குள்ள எனக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. முன்வரிசையில ஒரு பையன் மாத்திரை நீட்டினான். ஒரு பொண்ணு தன் கம்பளித் துண்டக் கழட்டிக் குடுத்துச்சு. கடைசியில என்ன நடந்துச்சு தெரியுமா? எங்க புரட்சிக்காரப் பையன் ஒருத்தன் வந்து, 'ப்ரொஃபஸர், மதத்தோட நாத்தம் துளிகூட இல்லாத உரையை இன்னைக்குத்தான் கேட்டேன்'னு சொல்லிட்டுப் போறான்!"

ஃப்ராவ் ராப் தேன் கலந்த வெந்நீரை அவர் முன் வைத்தாள். "கடவுள இருமித் துப்பினா தொண்ட கட்டாம என்ன பண்ணும்?" என்றாள்.

பெர்லிட்ஸ் சிரித்துச் சிரித்து மறுபடியும் இருமினார். "உங்க பக்கம் எப்படி? யாரும் கண்டுபிடிக்கலையே? நான்தானே ஜெயிச்சேன்?"

பிரெண்டல் மதுக்கிண்ணத்தின் அடியைப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். ஆட்டையும் மேய்ப்பனையும் பற்றிச் சொன்ன இடத்தில் அவரே ஒரு சிறு சிரிப்பைச் சேர்த்துக்கொண்டார். எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை.

பெர்லிட்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. செத்தவங்க வாயத் தொறக்கவே இல்லன்னா?"

"ஆமா."

"சரியாத்தான் சொல்லியிருக்கா." அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார். "எங்க அம்மாவால இங்கேர்ந்து தப்பிக்க முடியல. நான் எழுதுறதுல எங்க அம்மாவப் பேச விட்டா எனக்குப் பேனா ஓடாது பிரெண்டல். அதனால விடுறதில்ல. பத்து வருஷமா என்னப் படிக்கிறவன் ஒருத்தன்கூட இதக் கவனிச்சதில்ல. அவ ஒரே தடவ கேட்டுட்டுக் கவனிச்சிருக்கா. நீங்க அவள ஆடுன்னு சொன்னீங்களா?"

"ஒரு வேடிக்கைக்காக…"

"நாம எழுதினது, வேடிக்கை பாக்கிறவங்கள எதிர்த்து. ரெண்டு பேரும் அதத்தான் எழுதினோம். இல்லையா?"

"நாளைக்கே சரி பண்ணிடறேன்" என்றார் பிரெண்டல்.

நாளை என்பது வெள்ளிக்கிழமையாக வந்து போயிற்று. சனிக்கிழமையாகவும் வந்தது, அன்று அவர் ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, நடை சரியில்லை என்று கிழித்தார். ஞாயிறு மாலை அவள் குடியிருந்த தெருமுனைவரை நடந்துபோய், மழை வருவதுபோல் இருந்ததால் திரும்பினார். திங்கட்கிழமை நடைக்கூடத்தில் ஸாண்டர் அவர் தோளில் கைபோட்டார்.

"ஃப்ரொய்லைன் டாம் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டாங்க. நல்லதாப் போச்சு. சொந்தக் குருவோட எழுத்தே அடையாளம் தெரியாதவங்க உதவியாளரா இருந்து என்ன பண்ணப் போறாங்க? வெள்ளிக்கிழமை கூட்டத்துல பிஷப்போட மருமகன முடிச்சுரலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

பிரெண்டல் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கும் இருமல்தான் வந்தது.

புதன்கிழமை மனந்திரும்புதலின் திருநாள். கடைகள் மூடியிருக்கும், ஊரே கறுப்புடை அணிந்து கோயிலுக்கு வரும். அவ்வாண்டுப் பிரசங்கம் பிரெண்டலுடையது. இது ஆண்டவரே ஏற்படுத்திக் கொடுத்த வாய்ப்பு என்று அவர் நினைத்தார். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பிரசங்க மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, குரல் நடுங்கச் சொன்னார்: "சகோதரரே, உங்கள்முன் நிற்பவன் ஒரு பொய்ச்சாட்சிக்காரன். என் பெருமையைக் காத்துக்கொள்வதற்காக உண்மை பேசிய ஒரு சகோதரியை நான் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தினேன். அவள் பேசியது சரி. நான் பேசியது பொய்."

பாதிரியாரின் விதவை அழுதாள். பிறகு ஆர்கன் முழங்கிற்று; எல்லோரும் எழுந்து நின்று, தாங்களும் பாவிகளே என்று மிகுந்த மனநிறைவோடு பாடினார்கள். வாசலில் ஸாண்டர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன தாழ்மை பிரெண்டல்! என்ன தாழ்மை! நாம எல்லாருமே பொய்ச்சாட்சிக்காரங்கதான்."

"இல்ல ஸாண்டர், நான் நிஜமாவே…"

"தெரியும், தெரியும். நாம எல்லாருமே நிஜமாவேதான். அச்சுக்குக் குடுங்க, விட்டுராதீங்க!"

அடுத்து வந்த நீதிபதி, தாமும் தம் மனைவியை இப்படித்தான் நடத்தியிருப்பதாகச் சொல்லிக் கையைக் குலுக்கினார். மருந்துக்கடைக்காரர் 'அந்தச் சகோதரி' என்பது திருச்சபைக்கு உருவகம்தானே என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையாட்டிக்கொண்டு போனார். பிரெண்டல் வாழ்வில் முதல்முறையாக ஒரு பாவத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அது ஊர் முழுவதற்கும் பிடித்துப்போய்விட்டது.

படிக்கட்டின் கீழே கெர்லிண்ட் தன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நல்ல பிரசங்கம் ப்ரொஃபஸர்" என்றாள் நிமிராமல். "அந்தச் சகோதரி யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. போய் ஆறுதல் சொல்லிட்டு வர்றேன்."

"ஃப்ரொய்லைன் டாம், அது நீங்கதான்னு உங்களுக்கு…"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உள்ள உக்காந்திருந்தவங்களுக்கு?" அவள் நிமிர்ந்தாள். "அத்தன பேரும் அவங்கவங்க பாவத்த நெனச்சு சந்தோஷமா வீட்டுக்குப் போறாங்க. எல்லாரும் பாவின்னு சொல்லிட்டா, யாரு யாருக்கு என்ன பண்ணினாங்கங்கிறது அதுலயே மறைஞ்சுபோயிரும். பெர்லிட்ஸ் வகுப்புல முதல் வாரமே இதச் சொல்லித் தர்றாங்க."

அவர் முகம் வாடியது. "என் வகுப்புல என்ன சொல்லித் தர்றேன்?"

"காயப்பட்டவங்ககிட்ட முதல்ல போகணும்னு. அவங்க கேக்கிற கேள்விக்கு நின்னு பதில் சொல்லணும்னு." சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். "உங்க பாடம் இல்லாம பெர்லிட்ஸ் பாடம் வெறும் குத்தப்பத்திரிகை. அவர் பாடம் இல்லாம உங்க பாடம் இப்ப உள்ள நடந்த மாதிரி ஒரு பாட்டு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு காவல் காக்கணும்னுதான் என் ஆய்வேடே சொல்லுது. நீங்க படிச்சிருக்கீங்க. நல்லா இருக்குன்னு ஓரத்துல எழுதிக்கூட குடுத்தீங்க."

மணியை ஒரு முறை அடித்துவிட்டு அவள் போய்விட்டாள். பிரெண்டல் அந்தக் குளிரில் தலையில் தொப்பிகூட வைக்காமல் பெர்லிட்ஸின் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. விரிவுரை மண்டபத்தில் முன்வரிசையில் புலமுதல்வர் ஸாண்டர் உட்கார்ந்திருந்தார். முக்கியமான செய்தி என்று பிரெண்டல் அவரை வரவழைத்திருந்தார். கதவோரத்தில் கம்பளித் துண்டோடு பெர்லிட்ஸ் நின்றார். மூன்றாம் வரிசையில், யாரும் பக்கத்தில் உட்காராத இடத்தில், கெர்லிண்ட் இருந்தாள். பெர்லிட்ஸ் காலையிலேயே போய் அவளை அழைத்திருந்தார்.

பிரெண்டலிடம் தாள் ஏதும் இல்லை.

"போன வியாழக்கிழமை இங்க நான் வாசிச்சது என் உரை இல்ல" என்றார். "ப்ரொஃபஸர் பெர்லிட்ஸ் எழுதினது. ஒரு பந்தயத்துக்காக மாத்தி வாசிச்சோம். இந்த மண்டபத்துல அதக் கண்டுபிடிச்சவங்க ஒரே ஒருத்தர், ஃப்ரொய்லைன் கெர்லிண்ட் டாம். அவங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. சரின்னு எனக்கு அந்த நிமிஷமே தெரியும். உங்க பாராட்டு கைவிட்டுப் போயிரக் கூடாதுன்னு அவங்கள ஆடுன்னு கேலி பண்ணினேன். நீங்க சிரிச்சதும் கால் தேய்ச்சதும் என்னாலதான். அதனால அவங்க ஒரு பதவிய இழக்கப்போறாங்க. நேத்து கோயில்ல நான் சொன்னதும் இதுதான். உருவகம் எதுவும் இல்ல."

பிறகு ஒரு மூலையில் ஒரு காலணி தரையில் தேய்ந்தது. இன்னொன்று சேர்ந்தது. விரைவில் மண்டபம் முழுவதும் தேய்த்தது. முப்பது ஆண்டுகளில் அந்த ஓசை அவரை நோக்கி ஒரு முறைகூட வந்ததில்லை. அவர் கைகளைத் தொங்கவிட்டபடி, அது தீரும்வரை நின்று கேட்டார்.

ஸாண்டர் முகம் சிவந்து எழுந்தார். "பிரெண்டல், இதத் தனியாப் பேசியிருக்கலாமே!"

"தனியாப் பேசித்தான் ஸாண்டர் நாம இந்தப் புலத்தையே நடத்திக்கிட்டிருக்கோம்."

பாதிரியாரின் விதவை கலக்கத்தோடு கையை உயர்த்தினாள். "அப்போ அன்னைக்கு அந்தப் பக்தி?"

"அது அவரோட நாத்திகம், அம்மா. மன்னிச்சுக்குங்க."

"நல்ல நாத்திகம் அப்படித்தான் இருக்கும், அம்மா" என்றார் பெர்லிட்ஸ் கதவோரத்திலிருந்து. "உங்க பக்தி ஒண்ணும் வீண் போகல."

விதவை சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா அடுத்த வாரம் உங்க வகுப்புக்கு வர்றேன்" என்றாள். மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது கெர்லிண்ட் எழுந்து நின்றிருந்தாள்.

"ஃப்ரொய்லைன் டாம்," என்றார் பிரெண்டல், "விண்ணப்பத்த மறுபடியும் குடுங்கன்னு உங்களக் கேட்டுக்கிறேன். எல்லார் முன்னாடியும் கேக்கிறேன்."

"அப்போ நானும் எல்லார் முன்னாடியும் ஒண்ணு கேக்கிறேன்" என்றாள் அவள். "முப்பது வருஷமா செத்தவங்களோட கேள்விய வச்சே பாடம் நடத்தினீங்க. அவங்க பேசாத ஒரு உரைய ஒரு மணி நேரம் எப்படிக் கூசாம வாசிச்சீங்க?"

அதற்கு அழகான பதில்கள் பல அவர் நாவில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினார்.

"கூசல" என்றார் கடைசியில். "அதுதான் எனக்கே பயமா இருக்கு. செத்தவங்க எதுவும் கேக்காம இருந்தது… வாசிக்கச் சுகமா இருந்துச்சு."

கதவோரத்தில் பெர்லிட்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொல்ல மாட்டேன்" என்றாள் கெர்லிண்ட். "ஆனா இது ஒரு பதில். இங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"அப்போ ஆரம்பிங்க. இந்த மேடையும் இன்னைக்கு மிச்சமிருக்கிற நேரமும் உங்களுது. அன்னைக்கு நீங்க சொல்ல வந்தத முழுசாச் சொல்லுங்க. ஸாண்டர், வெள்ளிக்கிழமை யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு சந்தேகம் இருந்தா தயவுசெஞ்சு கேட்டுட்டுப் போங்க. மருமகனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் மேடையைவிட்டு இறங்கினார். கெர்லிண்ட் ஏறினாள். அவளுக்கும் தாள் ஏதும் இல்லை. அவள் எதிரே இருந்தவர்களைப் பார்த்தாள், பேசத் தொடங்கினாள். பிரெண்டல் முன்வரிசையில் ஸாண்டருக்குப் பக்கத்தில் தம்மைத் திணித்துக்கொண்டார். மாணவர்களின் பெஞ்சு எவ்வளவு குறுகலானது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது; முழங்கால்கள் இரண்டும் பலகையில் இடித்தன.

ஸாண்டர் அவர் காதருகே குனிந்தார். "இந்தப் பொண்ணு எவ்ளோ நேரம்தான் பேசப்போகுது?"

"அவங்களுக்கு வேணுங்கிற வரைக்கும்" என்றார் பிரெண்டல். "பேசாம கேளுங்க ஸாண்டர், எனக்குக் காது கேக்க மாட்டேங்குது."